அறுபத்திரண்டு படி வீடு

தங்கவயல்
3.6.1984

அன்புள்ள அண்ணனுக்கு, பொன்னாயி எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

எஸ்டேட் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டுப் புரோக்கர் ஆகிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது நான் செய்த கேலியை மறந்துவிடுங்கள். இப்போது எங்களுக்கே ஒரு வீடு வேண்டும். வருகிற மார்ச்சோடு அவருக்குச் சுரங்க வேலை முடிகிறது. கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போகலாம் என்று கேட்டேன். தன் சொந்த ஊரான திருச்செங்கோட்டைச் சொல்வார் என்று நினைத்தேன். "உங்கண்ணன் ஊருக்கே போயிரலாம். ஏற்காட்டுல, மலை ஓரத்துல ஒரு ஊடு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நல்ல சட்டை ஒன்று கூட அவராக வாய் திறந்து கேட்டதில்லை. இருபத்தொன்பது வருஷமாகக் கூண்டில் ஏறி எட்டாயிரம் அடி கீழே போய் வருகிறார். தலை விளக்கு எட்டுகிற பத்தடிதான் அங்கே உலகம். நம்ம ஊருக்கு இரண்டே முறை வந்திருக்கிறார், எங்கள் கல்யாணத்துக்கும் அப்பா காரியத்துக்கும். இரண்டு தடவையும் மஞ்சு மூடி, எதிரில் நின்ற ஆள் கூடத் தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு கண்ணுக்கு எட்டின மட்டும் பார்க்க வேண்டுமாம். அது ஒன்றுதான் அவர் ஆசை.

பார்த்துச் சொல்லுங்கள்.
தங்கை பொன்னாயி


ஏற்காடு
20.6.1984

அன்புத் தங்கை பொன்னாயிக்கு அண்ணன் செங்கோடன் எழுதியது. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் அண்ணியின் முழங்கால் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, மற்றபடி நலம். மாப்பிள்ளையின் உடம்பு எப்படி?

கேலியை மறக்கச் சொன்னாயே, அது நடக்காது. ஆனால் வேலையை வேலையாகத்தான் செய்வேன். மே மாசம் பூ பார்க்க வருகிறவர்கள் பூ வாசத்திலேயே வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். ஐப்பசியில் துணி காயாமல், தீப்பெட்டி பற்றாமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால் நான் வெயில் நாளில் வீடு காட்டுவதே இல்லை. மஞ்சு இறங்கினதும்தான் கூட்டிப்போவேன். வாங்குகிறவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வர வேண்டும். மூச்சிரைக்க வந்து சேர்ந்த பிறகும் வீடு பிடித்திருந்தால் பேச்சைத் தொடங்குவேன். இதனால் நான் இழந்த வியாபாரம் பாதி. என்னைத் திட்டுகிறவர் ஒருவரும் இல்லை.

உன்னிடமும் கேட்கிறேன். குளிர் தாங்குவீர்களா? தண்ணீர் யார் தூக்குவது? ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கத்தில் வேண்டும்? மாப்பிள்ளையால் எத்தனை படி ஏற முடியும்? ஒன்று இடிக்கிறது. அவருக்கு இப்போது ஐம்பத்து நாலுதானே நடக்கிறது, அதற்குள் ரிடயர்மென்ட்டா?

மறக்காமல் எழுது.
செங்கோடன்


தங்கவயல்
17.7.1984

அன்புள்ள அண்ணனுக்கு, பொன்னாயி. இங்கே நலம். அண்ணிக்கு வேப்பெண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர் எனக்குப் பழக்கம், அவருக்குக் கம்பளி வாங்கிவிடலாம். தண்ணீரை நான் தூக்குவேன். எஸ்டேட் லைனில் பிறந்தவளுக்குக் குடம் கனக்குமா? ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் நல்லதுதான், யாருக்கு வேண்டாம்?

இந்த ஊர்க் காலண்டரில் ஒரு மலைப் படம் இருந்தது. அதைக் கிழித்துச் சமையல் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். நான் வைத்த குழம்பைப் பார்ப்பதே இல்லை.

சீக்கிரம் பாருங்கள் அண்ணா.
பொன்னாயி


ஏற்காடு
2.9.1984

பொன்னாயிக்கு அண்ணன் எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. சும்மா இருக்கவில்லை, நாலு திசையும் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் உடம்பு திடமாக இருக்கிறது. அங்கேயும் அப்படித்தானே?

கிளியூர்ப் பக்கம் ஒரு வீடு. நல்ல வீடு, ஆனால் பள்ளத்தில் இருக்கிறது. அருவிச் சத்தம் கேட்கும், ஒன்றும் தெரியாது. சுரங்கத்திலிருந்து வருகிறவரைப் பள்ளத்தில் குடிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, மஞ்சக்குட்டை ரோட்டுக்கும் கடைவீதி ரோட்டுக்கும் நடுவில், மலையின் தோளில் இருக்கிறது. லூர்துசெல்வி டீச்சர் வீடு. அவர் தம்பியோடு சேலத்துக்குப் போய்விட்டார், பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மஞ்சில் ஒரு நாள் போனேன், மழையில் ஒரு நாள் போனேன். கூரை ஒழுகவில்லை. போன வியாழக்கிழமை வெயில் விழுந்தது, மறுபடி போனேன். பொன்னு, நான் இந்த மலையில் பிறந்தவன். ஐம்பத்தாறு வயசாகிறது. அந்த வாசலில் நின்றதும் செருப்பைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே மலை முடிந்துபோகிறது. அப்புறம் சேலம் முழுசும், அதற்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் இன்னொரு மலை, அதற்கப்பால் என்ன என்று தெரியாத நீலம். பருந்து பறந்தது. அதன் முதுகைப் பார்த்தேன். பேச்சு வரவில்லை எனக்கு. என் வேலைக்குப் பேச்சுத்தானே மூலதனம்.

விலை உங்கள் கைக்கு அடங்கும். ஆனால் கடைவீதி ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு படி. படியைப் பற்றிக் கேட்டேன், நீ குழம்பைப் பற்றி எழுதினாய். மறுபடி கேட்கிறேன்.

அண்ணன் செங்கோடன்


தங்கவயல்
30.9.1984

அண்ணனுக்கு, நலம். உங்கள் கடிதத்தை அவர் நாலு முறை படித்தார். பருந்தின் முதுகு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, அதை எனக்கே மறுபடி வாசித்துக் காட்டினார்.

அந்த வீடே இருக்கட்டும். படி ஒன்றும் பெரிசில்லை. கார்த்திகையில் வருகிறோம்.

பொன்னாயி


ஏற்காடு
29.11.1984

பொன்னாயிக்கும் மாப்பிள்ளைக்கும் செங்கோடன் எழுதுவது. பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மாப்பிள்ளை வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள்.

அன்றைக்கு நாம் வீடு வரைக்கும் போக முடியவில்லை. பத்தொன்பதாவது படியில் மிளகுக்கொடி பார்க்கலாம் என்று மாப்பிள்ளை உட்கார்ந்தார். நானும் மிளகைப் பற்றியே பேசினேன், அரை மணி நேரம் பேசியிருப்பேன். அப்புறம் மஞ்சு கூடிவிட்டது, இனிமேல் போய் என்ன தெரியப்போகிறது என்று நான்தான் திருப்பிக் கூட்டிவந்தேன். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் மறுநாளே டீச்சரிடமிருந்து தகவல் வந்தது, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். நம் கையில் என்ன இருக்கிறது?

கவலை வேண்டாம். கீழே அடிவாரத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். தரைக்குச் சமமாக வாசல், சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலை முழுசும் தெரியும்.

பதில் எழுது.
செங்கோடன்


தங்கவயல்
24.1.1985

அண்ணனுக்குப் பொன்னாயி எழுதுவது. அண்ணி நலமா? இங்கே நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது. இந்தத் தடவை அப்படி எழுதப்போவதில்லை.

நான் லூர்துசெல்வி டீச்சருக்கு நேராகவே ஒரு கார்டு போட்டேன். நான் யாருக்கும் கொடுக்கவில்லை, உங்கள் அண்ணனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. இரண்டு மாசமாக உங்கள் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் யோசித்தால், முதலில் பொய் சொன்னவள் நான்.

அவருக்கு ரிடயர்மென்ட் இல்லை அண்ணா. இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கிறது. நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது, இனி இறங்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம், கவனமாக இருந்தால் மூன்று வருஷம் என்கிறார்கள். குளிர் மலை கூடாது என்றும் ஒரு டாக்டர் சொன்னார். உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் அண்ணனாகப் பதில் எழுதுவீர்கள், வேண்டாம் என்பீர்கள். எனக்குப் புரோக்கர் செங்கோடன் வேண்டியிருந்தது. அதனால் படியை விட்டுவிட்டு எழுதினேன்.

அன்றைக்குப் படி ஏறும்போது அவர் முதுகில் நான் கை வைத்திருந்தேன். ஒவ்வொரு மூச்சும் கையில் தெரிந்தது. திரும்பி வந்ததும் காலண்டர் மலையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். அடிவாரத்து வீட்டைப் பற்றிச் சொன்னதற்கு, "நிமிந்து பாக்கறது இங்கயே பாத்தாச்சு பொன்னாயி" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?

பொன்னாயி


ஏற்காடு
2.2.1985

பொன்னு, உன் கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டவில்லை. காபித் தோட்டத்துக்குள் போய் நின்று படித்துவிட்டு வந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பொய்க்குப் பொய் சரியாகிவிட்டது. இனி புரோக்கராகவே எழுதுகிறேன். இங்கே ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்து, பெயர் சொல்லாமல் விசாரித்தேன். மஞ்சு பிடிக்கிற மாசங்கள்தான் அப்படிப்பட்டவர்களுக்கு விரோதி என்கிறார். தையிலிருந்து வைகாசி வரைக்கும் காற்று உலர்ந்திருக்கும், அப்போது வெயிலில் உட்காரலாம். ஐப்பசி, கார்த்திகைக்குக் கீழே இரண்டு ரூம் வாடகைக்குப் பிடித்து இறங்கிவிட வேண்டும். அது என் பொறுப்பு.

ஆனால் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் எல்லோரிடமும் கடைசியாக ஒன்று கேட்பேன். பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் சிரித்துக்கொண்டே கேட்பேன், உன்னிடம் அப்படிக் கேட்க முடியவில்லை. இந்த வீடு யாருக்கு? அவர் இருக்கப்போகிற வருஷத்துக்கா, அதற்கப்புறம் வருகிற வருஷங்களுக்கா? உங்களுக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு மஞ்சு பிடித்த வீட்டில் நீ ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாய். முப்பது வருஷம் இருக்கலாம். அதை யோசித்தாயா? அந்த அறுபத்திரண்டு படிகளுக்கும் எனக்கு ஒரு வழி தெரியவில்லை.

மாப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். அவரை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செங்கோடன்


தங்கவயல்
11.2.1985

மச்சான் அவர்களுக்கு வேலுசாமி வணக்கம். உங்கள் சுகமும் அக்காவின் சுகமும் கடவுள் புண்ணியத்தில் குறையாமல் இருக்கட்டும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, பிழை இருக்கும்.

டாக்டர் சொன்ன வருஷக் கணக்கை இவள் என்னிடமும் மறைத்தது எனக்குத் தெரியும். நான் தெரிந்துகொண்டது இவளுக்கு இதுவரை தெரியாது. மூச்சு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்துத்தான் கீழே நாங்கள் கல் உடைப்போம். முதல் படியிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. பத்தொன்பது படி ஏறினது உங்களுக்காக. நீங்கள் மிளகைப் பற்றிப் பேசினீர்களே, அவ்வளவு மரியாதையாக எனக்காக யாரும் பேசினது கிடையாது.

உங்கள் ஊர் மலை ஐயாயிரம் அடி என்கிறார்கள். நான் தினமும் அதைவிட ஆழமாக இறங்கியிருக்கிறேன். அதனால்தான் ஒரு தடவையாவது மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆசைக்காக இவளைத் தனியே விடலாமா என்று நீங்கள் கேட்டது நியாயம். கடிதத்தைப் பார்த்துவிட்டு நானே இவளிடம் கேட்டேன்.

இவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னப் பிள்ளையில அந்தச் சரிவுலதானுங்க காப்பிப்பழம் பறிச்சேன். கூடை நெறையறவரைக்கும் குனிஞ்ச தலை நிமிர உட மாட்டாங்க. முன்னால என்ன தெரியுதுன்னு ஒரு நாளும் பாக்கல. எனக்கும் அந்த ஊடு வேணுமுங்க." இத்தனை வருஷம் கூட இருந்தும் இது எனக்குத் தெரியாது மச்சான்.

வீட்டைப் பொன்னாயி பேரில் எழுதுங்கள். நான் எப்படி வந்து சேருவது என்பதை நீங்கள் யோசியுங்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போக மட்டும் ஆள் வைக்காதீர்கள்.

வேலுசாமி


ஏற்காடு
5.3.1985

மாப்பிள்ளைக்கும் பொன்னாயிக்கும் செங்கோடன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, கையில் மட்டும் முள் குத்தின காயம். எப்படி என்று கேளுங்கள்.

வீட்டுப் புரோக்கர் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிற இந்த மடையன், வாங்குகிற எல்லோரையும் படி வழியே ஏற்றிச் சோதித்துச் சோதித்து, அந்த வீட்டுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டான். பின்வேலியில் ஒரு கதவு. பூட்டுத் துருப்பிடித்து, உண்ணிமுள் மண்டிக் கிடந்தது. அதற்கு அப்பால் மாதையன் என்கிற மலைக்காரரின் சாமை வயல். வயல் முடிகிற இடத்தில் மஞ்சக்குட்டை ரோடு, அங்கே ஜீப் நிற்கும். கால் மைல்தான் தூரம், ஏற்றமே இல்லை. மலையின் தோளில் படுத்திருக்கிற மாதிரி ஒரு தடம், அதுவும் காடாகிக் கிடந்தது.

மாதையனிடம் போய்ச் சங்கதியைச் சொன்னேன். மலைக்காரர் நிலத்தை வாங்கவோ எழுதவோ நான் கேட்பதில்லை, அது அவருக்குத் தெரியும். நடக்க வழி மட்டும் கேட்டேன். அவர் கதவு இருந்த பக்கம் பார்த்தார். அப்புறம், "ஏனுங்க ரைட்டரே, ஆடு வருதுன்னு டீச்சரம்மா அந்தக் கதவைப் பூட்டுனாங்க. அன்னைலருந்து நாங்க கடைவீதிக்கு ரெண்டு மைல் சுத்திப் போறமுங்க. உங்க படியில எங்கள உடுங்க. எங்க வயல்ல அவரு நடக்கட்டும்" என்றார்.

வேறு நிபந்தனையே கிடையாது. மறுநாள் காலையில் போனால், மாதையன் வீட்டு ஆட்களோடு ஊரிலிருந்து பதினான்கு பேர், கொடுவாளும் மண்வெட்டியுமாக நிற்கிறார்கள். தடம் வெட்டுவதென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வருவது அவர்கள் வழக்கமாம். கூலி என்று வாயெடுத்தேன், மாதையன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பாவாயி என்று ஒரு அம்மாள், வயசு எழுபது இருக்கும். "நோயாளி நடக்கறதுன்னா உக்காரக் கல்லு வேணுமில்ல" என்று சொல்லி, எட்டு இடத்தில் தட்டைக்கல் போடவைத்தார். நான் இத்தனை வருஷம் வீடு காட்டியிருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. இரண்டே நாளில் காட்டுக்குள் வெள்ளையாக ஒரு வழி திறந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் பூட்டின கதவைக் கழற்றியே வைத்துவிட்டோம்.

பத்திரத்தில் இரு தரப்பு நடைவழியையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லமாட்டேன். மஞ்சு இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். என் தொழிலில் இது முதல் தடவை.

செங்கோடன்


ஏற்காடு, நம் வீடு
21.4.1985

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. அண்ணியின் முழங்காலுக்குச் சேலத்து டாக்டர் என்ன சொன்னார்? பத்து நாள் அங்கே தங்க வேண்டும் என்றீர்களே, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

நீங்கள் இறங்கின மறுநாள் இங்கே கோடை மழை. வந்த நாளிலிருந்து தூசிப் புகையாகத்தான் இருந்தது, தூரம் தெரியவில்லை. அவர் தினமும் வாசலில் உட்கார்ந்திருந்தார். மழை விட்ட காலையில் கதவைத் திறந்தேன். அண்ணா, கீழே சேலம் இல்லை. வயல் இல்லை, மலை இல்லை. நம் வாசலுக்குக் கீழிருந்து உலகத்தின் கடைசி வரைக்கும் வெள்ளை மேகம், தண்ணீர் போலப் படுத்துக்கிடக்கிறது. அதன் மேல் வெயில். அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை.  அவர் பக்கம் கையை நீட்டினேன்.

அவர் வந்தார். உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் இரண்டு பேரும் நின்றோம். பாவாயியம்மாள் சந்தைக்குப் போக நம் வாசல் வழியே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுத் தாமும் நின்றுவிட்டார்.

அப்புறம் அவர் கேட்டார். "நான் கீழ இருந்த அத்தன வருசமும் மேல இப்படியேதான் இருந்திருக்கும், இல்ல?"

 பாவாயியம்மாள்தான், "ஆமாஞ்சாமி" என்றார்.

அன்றைக்கு அவர் இரண்டு தரம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். இருமல் இருக்கிறது. இல்லை என்று உங்களிடம் இனி எழுதமாட்டேன்.

அன்று காலை நீங்களும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, வானம் மூடிக்கொண்டதே என்று நினைத்திருப்பீர்கள். மூடவில்லை அண்ணா.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
பொன்னாயி